ஊசி போட்டது மாட்டுக்கு... தயிர் ஏன் உறையவில்லை?

உடம்புக்குள் போன மருந்து எங்கே போகிறது, என்ன செய்கிறது, எப்போது வெளியேறுகிறது? கறவை மாடு வைத்திருப்போர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

வாசகர் கடிதங்களில் ஒன்றை, கேள்வி பதில் பகுதியில் நான்கு வரி எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. ஒரு சகோதரி எழுதியிருந்தார்:

“ஐயா, எங்கள் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு ஒரு காம்பில் மடிநோய் வந்தது. டாக்டர் ஊசி போட்டு, அந்தக் காம்புக்குள் டியூப் மருந்தும் ஏற்றினார். மூன்று நாளைக்குப் போட வேண்டும் என்றார். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. அதனால் மூன்றாம் நாள் அவரைக் கூப்பிடவில்லை. நோய் வந்த காம்புப் பாலைக் கீழே ஊற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புப் பாலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். அந்தப் பாலுக்கு உறை ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தும் தயிர் ஆகவில்லை. மாமியார் திருஷ்டி என்கிறார். அதே பாலைத்தான் மூன்று வயதுப் பிள்ளைக்கும் காய்ச்சிக் கொடுத்தேன். மருந்து போட்டது மாட்டுக்குத்தானே? பாலுக்கு என்ன ஆனது?”

இது திருஷ்டி இல்லை, சகோதரி. உங்கள் தயிர்ச்சட்டி உங்களுக்குத் தெரியாமலே ஒரு பரிசோதனை செய்திருக்கிறது. பாலைத் தயிராக்குவது உறைமோரில் இருக்கும் பாக்டீரியா. மடிநோய்க்குப் போடுவது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். அந்த மருந்து பாலில் வந்துவிட்டால், நோய்க் கிருமி எது, உறைமோர்க் கிருமி எது என்று அது பார்ப்பதில்லை. குளிராலும் பழைய உறைமோராலும்கூடத் தயிர் உறையாமல் போகலாம். ஆனால் ஊசி போட்ட மறுநாள் இப்படி நடந்தால், மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தயிர் நன்றாக உறைந்துவிட்டதால் பாலில் மருந்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. தயிரைத் தடுக்கும் அளவுக்குக் கீழேயும் மருந்து இருக்கலாம்.

பிள்ளையைப் பற்றி: ஓரிரு வேளை குடித்ததில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் மருந்தும் ஆபத்தாகலாம்.

இந்தக் கடிதத்தில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. மருந்து போட்ட இடத்திலேயே வேலை செய்யும் என்பது ஒன்று. வீக்கம் வடிந்தால் நோய் போய்விட்டது என்பது இன்னொன்று. ஊசி நின்றால் மருந்தும் நின்றுவிடும் என்பது மூன்றாவது. நம்மில் பலருக்கும் இருக்கும் நம்பிக்கைகள்தான். மூன்றும் ஏன் தவறு என்று தெரிய, மருந்தோடு கூடவே ஒருமுறை மாட்டின் உடம்புக்குள் போய்வர வேண்டும்.

உள்ளே போகும் வழி

பெரும்பாலான மருந்துகள் வேலை செய்ய, முதலில் ரத்தத்தில் சேர வேண்டும். எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும்.

ரத்தக்குழாயில் போட்டால் அடுத்த நொடியே ரத்தத்தில் இருக்கும். கன்று ஈன்ற மாடு பால் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மாடு சிறிது நேரத்தில் எழுந்துவிடும். ஆனால் அதே பாட்டிலை அவசரமாக இறக்கினால் இதயம் நின்று மாடு சாகவும் கூடும். அதனால்தான் அவர் கையில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இதயத்துடிப்பைக் கவனித்தபடி சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார். மருந்தும் அளவும் ஒன்றுதான். வேகம் மாறினால் அதுவே நஞ்சாகிறது.

சதையில் போடும் ஊசி மெதுவாகக் கரைந்து ரத்தத்துக்குப் போகும். பால் போல வெள்ளையாக, குலுக்கிவிட்டுப் போடும் ஊசி மருந்துகள் சில, சதையிலேயே தங்கி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும்படி தயாரிக்கப்பட்டவை. இவற்றை ரத்தக்குழாயில் போடவே கூடாது. மாடு அங்கேயே விழுந்துவிடலாம். ‘ஊசிதானே, நானே போட்டுக்கொள்கிறேன்’ என்று கடையில் வாங்கி வந்து போடுவதில் உள்ள பெரிய ஆபத்து இது.

வாய் வழியாகக் கொடுக்கும் மருந்துக்கு மாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டி. நமக்குப் போட்ட மாத்திரை நேராகக் குடலுக்குப் போகும். மாட்டுக்குப் போட்டால் இந்தத் தொட்டியில் கரைந்து நீர்த்துவிடும். அங்கே வைக்கோலைச் செரிக்க உதவும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சில மருந்துகளைச் சிதைத்துவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரையாக இருந்தால் அந்த நுண்ணுயிர்களையே கொன்று, மாட்டைத் தீவனம் எடுக்காமல் செய்துவிடும். பால் குடிக்கும் கன்றுக்கு இந்தத் தொட்டி இன்னும் வளர்ந்திருக்காது. அதனால் கன்றுக்கு வாய்வழியே கொடுக்கும் மருந்தைத் தாய்க்கும் கொடுக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

ரத்தத்துக்கு மடை கிடையாது

வாய்க்கால் தண்ணீரை மடையை அடைத்து ஒரு வயலுக்கு மட்டும் பாய்ச்சலாம். ரத்தத்தில் அப்படி மடை கட்ட முடியாது. தொடையில் போட்ட ஊசி மடிக்கு மட்டும் போகாது. ரத்தம் ஓடும் இடமெல்லாம் போகும். நோய் உள்ள இடத்துக்கும் போகும், இல்லாத இடத்துக்கும் போகும்.

மடி என்பது ரத்தம் பாய்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு. ஒரு லிட்டர் பால் சுரக்க, சுமார் 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் எவ்வளவு ரத்தம் மடியைச் சுற்றி வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரத்தத்தில் மருந்து இருந்தால் பாலிலும் வரத்தானே செய்யும்?

டியூப் மருந்தும் அப்படித்தான். ஒரு காம்புக்குள் ஏற்றியதில் ஒரு பகுதி மடிச்சுவர் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் அதை மற்ற மூன்று காம்புகளுக்கும் கொண்டுபோகிறது. எனவே ஒரு காம்பில் டியூப் ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். கடிதம் எழுதிய சகோதரி தவறவிட்ட இடம் இது.

சில மருந்துகள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் அதிகமாகச் சேரும். ரத்தத்தைவிடப் பால் சற்றுப் புளிப்புத்தன்மை கொண்டது. காரத்தன்மை உள்ள எரித்ரோமைசின், டைலோசின் போன்ற மருந்துகள் பாலுக்குள் வந்ததும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும். உடம்புக் கொழுப்பில் தங்கி, பால் கொழுப்பில் பல நாள் வந்துகொண்டிருக்கும்.

வீக்கம் வடிந்தது, கிருமி சாகவில்லை

அடுத்து, மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். அந்த மாட்டுக்குப் போட்டது பெரும்பாலும் ஒரே மருந்தாக இருக்காது. மடிநோய்க்குக் கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் ஒன்றும், வலியும் வீக்கமும் காய்ச்சலும் குறைய இன்னொன்றும் போடுவது வழக்கம்.

வலி மருந்து கிருமியைத் தொடுவதே இல்லை. அடிபட்ட இடத்திலும் நோய் வந்த இடத்திலும் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் சில பொருள்களை உடம்பே சுரக்கிறது. அந்தச் சுரப்பை வலி மருந்து தடுக்கிறது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்த ஜான் வேன், அதற்காக 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே இரண்டாம் நாள் வீக்கம் வடிந்ததற்கு வலி மருந்தே காரணமாக இருக்கலாம். கிருமி உள்ளேயே இருந்திருக்கலாம்.

ஆன்டிபயாடிக் வேலை செய்ய, ரத்தத்திலும் மடியிலும் அதன் அளவு ஒரு கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் கிருமி சாகாது. அடுத்த ஊசிக்கு ‘நாளை இதே நேரம்’ என்று டாக்டர் சொல்வது, அளவு கோட்டுக்குக் கீழே இறங்குவதற்குள் அடுத்த ஊசி விழ வேண்டும் என்பதற்காக. அளவைக் குறைத்தாலோ, நாள் தவறவிட்டாலோ, பாதியில் நிறுத்தினாலோ, தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மிஞ்சும். நோய் திரும்பி வரும். இதுவே திரும்பத் திரும்ப நடந்தால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் நம் தொழுவத்திலேயே பெருகும். அதே வகை மருந்துகளை மனிதர்களுக்கும் பயன்படுத்துகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. எடை மேடை இல்லாவிட்டாலும் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து வாலடி இடுப்பெலும்பு முனை வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 64 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் சுமார் 335 கிலோ. டாக்டரைக் கூப்பிடும்போது இந்த எண்ணையும் சொல்லுங்கள்.

பாதி, பாதியில் பாதி

உள்ளே போன மருந்தை உடம்பு ஒரு வேண்டாத பொருளாகவே பார்க்கிறது. கல்லீரல் அதைச் சிதைக்கிறது. சிறுநீரகம் சிறுநீரில் தள்ளுகிறது. மிச்சம் சாணியிலும் பாலிலும் போகிறது.

இது ஒரே அடியாக நடப்பதில்லை. பாதி பாதியாகக் குறையும். ஒரு மருந்து பாதியாகக் குறைய 6 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பங்கு இருந்தது 6 மணி நேரத்தில் 50 ஆகும். 12 மணி நேரத்தில் 25. பிறகு பன்னிரண்டரை, ஆறேகால் என்று இறங்கி, 30 மணி நேரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் நிற்கும். நோயால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாத மாட்டில் பாதியாக 12 மணி நேரம் ஆனால், அதே அளவுக்கு இறங்க 60 மணி நேரம் பிடிக்கும். காய்ச்சலும் கழிச்சலும் வந்து நீர் வற்றிய மாடு, வயதான மாடு, பிறந்து சில நாளே ஆன கன்று இவற்றிலெல்லாம் மருந்து அதிக நேரம் தங்கலாம். எனவே பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சரியாக இருந்த கணக்கு நம் மாட்டுக்கும் பொருந்தும் என்று நம்ப முடியாது.

உயிருக்கு உயிர் இந்தக் கணக்கு மாறும். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதைப் பாதுகாப்பாகச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய பாடத்தைப் பாறு கழுகுகள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. 1990-களில் இந்தியாவில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் 2004-ல் தெரியவந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால் மருந்து இறைச்சியிலேயே இருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு. 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்களை மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க, 2015-ல் அந்த ஊசி மருந்தும் 3 மில்லிக்கு மேல் வரக் கூடாது என்றானது. அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு மருந்து மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அதுவும் கீட்டோப்ரோஃபெனும் 2023-ல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் கிடைக்கிறது. முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இன்னும் பாறு கழுகுகள் வாழ்கின்றன. அந்தப் பகுதியில் மாடு வைத்திருப்போர் டாக்டரிடம் மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இதற்குச் சட்டமே இருக்கிறது. உணவுக்குப் பயன்படும் கால்நடைகளின் மருந்து லேபிளில், பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட வேண்டும் என 2012-ல் விதி வந்தது. அந்த மருந்துக்குத் தனியாக நாள் உறுதிசெய்யப்படாமல் இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். இந்த நாளைக் கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல. கடைசி ஊசி திங்கள் காலை என்றால், ஏழு நாள் கணக்கில் அடுத்த திங்கள் காலை வரை பாலை ஒதுக்க வேண்டும். இரண்டு மருந்து போட்டிருந்தால் எதற்கு அதிக நாளோ அதுதான் கணக்கு. கோயிலுக்கு வெட்ட நேர்ந்துவிட்ட கிடாவுக்கும் இது பொருந்தும். திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

நாளைக்கு எட்டு லிட்டர் என்றால் ஏழு நாளில் 56 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 1,960 ரூபாய். தீவனச் செலவுக்கே தடுமாறும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மாட்டுப் பால் சொசைட்டி கேனில் சேர்ந்தால் ஊர்ப்பால் முழுக்க மருந்து கலக்கும். அதைத் தெரியாமல் குடிப்பது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை.

இழப்பைக் குறைக்க வழி உண்டு. ஊசி போடும் முன்பே, ‘இந்த நோய்க்குப் பாலைக் குறைந்த நாள் ஒதுக்கினால் போதுமான மருந்து இருக்கிறதா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் ஊசிக்கு முன் பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று தெரிந்துகொண்டு சிகிச்சை தொடங்குங்கள். ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். கிணறு, வாய்க்கால் பக்கம் போகாமல் தள்ளிக் குழியில் ஊற்றுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் நான்கு விஷயம் எழுதுங்கள்: எந்த மாடு, என்ன மருந்து, கடைசி ஊசி எந்த நாள் எந்த நேரம், பால் எந்த நாளிலிருந்து எடுக்கலாம். யார் கறக்கப் போனாலும் கண்ணில் படும். கடிதம் எழுதிய சகோதரி மறுபடியும் டாக்டரைக் கூப்பிட்டு மடியைக் காட்டட்டும். இந்த முறை மாமியாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தயிர் உறையாததை முதலில் கவனித்துக் கேள்வி கேட்டது உங்கள் வீடுதான்.

இது தொடர்பான வாசகர் கேள்விகள்

நன்றாகக் காய்ச்சினால் பாலில் உள்ள மருந்து போய்விடாதா?

போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வீட்டுக் கொதிப்பில் முழுதாக அழிவதில்லை.

மடிநோய்க்கு மூலிகை மருந்து இருக்கிறதா?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, நீர் சேர்த்து இளக்கி, பாலை முழுக்கப் பீய்ச்சிவிட்டு மடி முழுவதும் ஒரு நாளில் பல முறை பூச வேண்டும். ஆரம்பத்திலேயே செய்தால் பலன் தரும். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, மடி கல்லாக இறுகினாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குடற்புழு ஊசி போட்ட பிறகு சாணியில் வண்டுகளே காணோம். ஏன்?

ஐவர்மெக்டின் பெரும்பகுதி சாணி வழியாகவே வெளியேறும். புழுவைக் கொல்லும் மருந்து சாணி வண்டின் குஞ்சுகளையும் கொல்லும். சாணியை மண்ணுக்குள் கொண்டுபோவது அந்த வண்டுகள்தான். தேவை இருக்கிறதா என்று சாணியைப் பரிசோதித்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு டாக்ஸிசைக்கிளின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பாலோடு போடலாமா?

வேண்டாம். பாலில் உள்ள கால்சியம் அந்த வகை மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போகும் அளவு குறையும். நிறையத் தண்ணீரோடு போடுங்கள். பாலுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நாற்று நட்டு வந்து தினமும் வலி மாத்திரை போடுகிறேன். தப்பா?

வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காப்பதும் வலி மருந்து தடுக்கும் அதே பொருள்கள்தான். அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடும். வயிற்றிலும் புண் வரும். வலி நாள்தோறும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.